தூண்டிலை முதல் நாளே செம்மை செய்தல்

கம்பளையிலிருந்து பேராதனை நோக்கி வரும் மகாவலி கங்கை கெலிஓயாப் பகுதியைக் கடந்து செல்கின்றது. இவ்வாற்றின் அயலிலே நெல்லும் மரக்கறியும் பயிரிடும் கமக்காரருக்கு, நடுகை முடிந்த பின்னும் அறுவடைக்கு முன்னும் ஓரிரு நாள் ஓய்வு கிடைப்பதுண்டு. அந்நாட்களில் தூண்டிலோடு கரைக்குச் செல்வோர் பலர். ஒரு வேளைக் கறிக்கு மீன் அகப்பட்டால் வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கு அது நல்ல புரத உணவாகும். ஆயினும், மண்வெட்டியின் பிடி தளர்ந்திருந்தால் ஆப்பு வைக்காமல் வயலில் இறங்காத கமக்காரர், கூரை இறப்பிற் செருகிக் கிடந்த தூண்டிற்றடியை அப்படியே உருவிக்கொண்டு விடியற்காலையிற் புறப்பட்டு விடுகின்றார். மீன் தப்பிப் போவதற்குரிய காரணம் பெரும்பாலும் ஆற்றில் இல்லை. முதல் நாள் மாலையிற் பார்க்காமல் விட்ட முடிச்சிலும் முள்ளிலுமே இருக்கின்றது.

தடியிலிருந்து தொடங்குவோம். கடைகளில் விற்கும் கண்ணாடி நார்த் தடியும் கரிநார்த் தடியும் நல்லனவே. ஆனால் ஆற்றோரக் குளிப்பு மடுவில் மீன் பிடிப்பதற்கு முறையாகப் பதப்படுத்திய மூங்கில் தடி எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. பேராதனைப் பூங்காவின் ஆற்றங்கரையில் வானளாவி நிற்கும் இராட்சத மூங்கில் கண்ணுக்கு அழகு, தூண்டிலுக்கு உதவாது. பெருவிரற் பருமனுள்ள சிறு மூங்கிலே வேண்டும். இரண்டு அல்லது மூன்று வயதான, பச்சை நிறம் மங்கிய தண்டைத் தெரிந்தெடுங்கள். இளந்தண்டு காய்ந்ததும் சுருங்கி வளையும். மழை குறைந்த மாதங்களில் வெட்டுவது நன்று. குருத்துவிடும் காலத்தில் வெட்டினால் தண்டில் மாச்சத்து மிகுந்திருக்கும். அதனை நாடி வண்டு துளையிடும்.

வெட்டிய தண்டு பத்து முதல் பன்னிரண்டு அடி நீளமிருக்கலாம். கிளைகளைக் கணுவோடு ஒட்ட வெட்டுங்கள். கணுவைச் செதுக்கிவிடாதீர்கள், தடி அவ்விடத்திலேயே முறியும். நுனியிற் சிறு கல்லொன்றைக் கட்டித் தலைகீழாக நிழலில் தொங்கவிட்டால் ஐந்தாறு வாரங்களில் நேராகக் காயும். வெயிலிற் போட்டால் வெடிக்கும். எஞ்சிய வளைவைத் தணல்மீது மெல்லச் சூடாக்கி நிமிர்த்தி, ஈரத்துணியாற் குளிரச் செய்யலாம். பின்பு கணுக்களுக்கு இடையே பருத்தி நூலால் நெருக்கமாகச் சுற்றி வாணிசு பூசிவிட்டால் தடி பல போகங்களுக்கு உழைக்கும்.

நூலை நுனியில் மட்டும் கட்டுவது பலரின் வழக்கம். அதனைத் தடியின் உடலோடு இரண்டு மூன்று இடங்களிற் சுற்றிக் கைப்பிடி வரை கொண்டுவந்து கட்டுவதே சிறந்தது. நுனி முறிந்தாலும் மீனும் நூலும் கையில் நிற்கும்.

முன்னாளிற் பட்டு நூலும் பருத்தி நூலும் பயன்பட்டன. 1935இல் அமெரிக்காவில் நைலோன் ஆக்கப்பட்ட பின்னர், நாம் தங்கூசி என்று சொல்லும் நூல் எங்கும் பரவியது. தங்கூசி நீரில் அழுகாது என்பதனால் அது கெடவே கெடாது என்று எண்ணுகின்றனர். இது தவறு. வெயில் அதனை நாளடைவில் உளுக்கச் செய்யும். பாறையில் உரைந்த இடம் அறுந்து போகும். ஆகவே முதல் நாள் மாலை, நூல் முழுவதையும் இரு விரல்களுக்கிடையே வைத்து மெல்ல உருவிப் பாருங்கள். சொரசொரப்போ வெண்மையோ தென்பட்டால் அதுவரை வெட்டி எறியுங்கள். முள்ளுக்கு அருகிலுள்ள இரண்டு முழத்தை எப்படியும் வெட்டிவிடுவது என் வழக்கம். சில சதத்துக்கு நூல் சேமித்து ஒரு மீனை இழப்பது கணக்காகாது.

இனி முடிச்சு. நூல் அறுவது பெரும்பாலும் இங்கேதான். நுனியை முள்ளின் வளையத்துட் புகுத்தித் தாய்நூலை ஐந்து முறை சுற்றுங்கள். வளையத்தை ஒட்டி உண்டாகும் சிறு கண்ணினூடாக நுனியைச் செலுத்துங்கள். இறுக்குவதற்கு முன் நீரால் நனைக்க வேண்டும். உலர்ந்தபடி இழுத்தால் உராய்வினாற் சூடேறி நைலோன் வலிமை இழக்கும். இறுக்கிய பின், முள்ளை மரக்கட்டையில் மாட்டி, கையிற் துணியைச் சுற்றிக்கொண்டு நிதானமாக இழுத்துச் சோதியுங்கள். அவிழ்வதாயின் வீட்டிலேயே அவிழட்டும்.

முள்ளின் கூரை நகத்தில் வைத்து மெல்ல இழுத்தால் அது பற்ற வேண்டும். வழுக்கினால் சிறு அரத்தால் தீட்டுங்கள். துருவேறிய முள்ளைத் தீட்டிப் பயனில்லை. முள்ளின் இலக்கம் கூடக்கூட அளவு சிறியதாகும் என்பதை வாங்கும்போது நினைவிற் கொள்ளுங்கள். 1952இல் ஆபிரிக்க இனமாக இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவின் வாய் சிறியது. அதற்கு 8 அல்லது 10 ஆம் இலக்கம் போதும். விராலுக்குப் பெரிய முள்ளும் தடித்த நூலும் வேண்டும். மிதப்புக்கு நெட்டியோ இறகுத் தண்டோ போதுமானது. ஈயக்குண்டைப் பல்லாற் கடித்து நசுக்கும் பழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள், ஈயம் நஞ்சு. குறடு பயன்படுத்துங்கள்.

இரைக்கு மண்புழுவை வாழையடி ஈரமண்ணிலோ கூட்டெருக் குவியலிலோ தோண்டலாம். பூச்சிநாசினி தெளித்த பாத்தியில் தோண்டலாகாது. புழுவை ஈர இலையோடு துளையிட்ட தகரப்பேணியில் நிழலில் வையுங்கள். வெறுமையான மருந்துப் போத்தலை எவ்வளவு கழுவினாலும் அதில் இரை வைக்கக் கூடாது. தெளித்த வயலின் நீர் வடியும் வாய்க்காலில் மீன் பிடிப்பதும் தகாது. நஞ்சிட்டும் வெடி வைத்தும் மீன் பிடிப்பது 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் நீர்வாழ் உயிரின வளச் சட்டத்தால் தடை செய்யப்பட்டுள்ளது. மகாவலி வடிநிலத்துக்கே உரிய லபேயோ பிஷேரி என்னும் கரும்பச்சை மீன் அகப்பட்டால், கையை நனைத்துக்கொண்டு முள்ளைக் கழற்றி ஆற்றிலேயே விடுங்கள். அது அருகி வரும் இனம்.

பையில் வைக்க வேண்டியவற்றுள் தூண்டிலோடு தொடர்பில்லாத ஒன்றும் உண்டு: காயத்தை மூடும் நீர் புகாத ஒட்டுப்பட்டி. எலிக்காய்ச்சற் கிருமி, காலிலும் கையிலும் உள்ள வெடிப்பின் வழியாகச் சேற்றிலிருந்தும் நீரிலிருந்தும் உடலிற் புகும். 2008இல் இந்நோய் நாட்டில் 7,000க்கும் மேற்பட்டோரைப் பீடித்தது; கண்டி மாவட்டமும் தப்பவில்லை. வயலில் இறங்குவோர் சுகாதார வைத்திய அதிகாரியின் ஆலோசனைப்படி டொக்சிசைக்கிளின் பெறுவதுண்டு. ஆற்றில் இறங்குபவரும் கேட்டறிய வேண்டும். மீன்பிடித்து வந்த சில நாட்களிற் காய்ச்சலும் தசைவலியும் கண்டால், நீரில் இறங்கியதை வைத்தியரிடம் மறவாது சொல்லுங்கள்.

தடியும் நூலும் ஆயத்தமான பின்னர் வானொலியிற் காலநிலை அறிக்கையைக் கேளுங்கள். கெலிஓயாவுக்கு மேலே 1985இல் நிறைவு பெற்ற கொத்மலை நீர்த்தேக்கம் உள்ளது. அதன் வான்கதவுகள் திறக்கப்படும்போது, இங்கு ஒரு துளி மழை இல்லாதிருந்தாலும் ஆறு உயரும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொணர்ந்த மழையிற் கம்பளைப் பகுதி பெருவெள்ளத்தில் அமிழ்ந்ததை இங்குள்ளோர் மறந்திருக்க மாட்டார்கள். ஆற்றின் நடுப்பாறைக்குச் செல்வதைத் தவிர்த்து, கரையில் நீர்மட்டத்தை ஒட்டிக் குச்சியொன்றை நட்டு வையுங்கள். குச்சியின் அடி நனையத் தொடங்கினால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு மேலே ஏறிவிட வேண்டும். பங்குனி, சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகலில் இடி முழங்குவது இப்பகுதியில் வழக்கம். முழக்கம் கேட்டவுடன் தடியைத் தரையிற் கிடத்திவிட்டு அருகிலுள்ள வீட்டிற் புகலிடம் தேடுங்கள். கரிநார்த் தடி மின்சாரத்தைக் கடத்தும், நனைந்த மூங்கிலும் அவ்வாறே. ஆற்றுக்குச் செல்லும் வழியில் மின்கம்பிகள் தாழ்ந்திருந்தால் தடியை நிமிர்த்திப் பிடியாது, கிடையாகவே கொண்டு செல்லுங்கள்.