பில் கட்டும் முன்பே கார்டு

நகையை அடகு வைத்து ஆஸ்பத்திரி பில்லைக் கட்டியாகிவிட்டது. ஆளும் குணமாகி வீடு வந்து சேர்ந்தாயிற்று. இனி முதலமைச்சர் காப்பீட்டில் எழுதிப்போட்டால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்குமா? தோவாளை, ஆரல்வாய்மொழி, பூதப்பாண்டி பக்கங்களில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. பெரும்பாலும் கிடைக்காது என்பதுதான் பதில். அதை முன்கூட்டியே சொல்ல ஆளில்லாமல் போவதால்தான் வயலும் தாலிச்சங்கிலியும் கைமாறுகின்றன.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் நோயாளியின் கையில் காசு தருவதில்லை. அரசு பிரீமியம் கட்டுகிறது, காப்பீட்டு நிறுவனம் ஆஸ்பத்திரிக்குப் பணம் தருகிறது. இதற்கிடையில் நடக்க வேண்டிய ஒரே காரியம் 'அப்ரூவல்'. என்ன நோய், என்ன அறுவை, என்ன பரிசோதனை முடிவு என்பதையெல்லாம் ஆஸ்பத்திரி கணினி வழியே அனுப்பி, ஒப்புதல் வந்தபின் சிகிச்சை தொடங்கும். உயிர் போகிற அவசரமென்றால் சிகிச்சையைத் தொடங்கிவிட்டு ஒப்புதல் கேட்க வழி இருக்கிறது. அப்போதும் கேட்பது ஆஸ்பத்திரிதான், கேட்பதும் ஆள் படுக்கையில் இருக்கும்போதே. டிஸ்சார்ஜ் ஆன பிறகு இந்த வாசல் அடைபட்டுவிடும்.

எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. அமெரிக்காவில் லாப நோக்கமற்ற ஆஸ்பத்திரிகள் ஏழைகளுக்கான கட்டணச் சலுகை விதிகளை எழுத்தில் வெளியிட வேண்டும் என்று 2010-ல் வந்த சட்டம் சொல்கிறது. வீடு திரும்பிய பின் வருகிற முதல் பில் தேதியிலிருந்து 240 நாள் வரை அங்கே சலுகைக்கு விண்ணப்பிக்கலாம். நம் ஊரில் அந்த 240 நாளும் நோய்க்கு முன்னாலேயே இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் எல்லாரும் நடமாடிக்கொண்டிருக்கும்போதே கார்டு எடுத்துவிடுவதுதான் விண்ணப்பம்.

இன்னும் பல பெரியவர்கள் இதைக் 'கலைஞர் கார்டு' என்றே சொல்கிறார்கள். அந்தத் திட்டம் 2009 ஜூலையில் வந்தது, குடும்பத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை. ஆட்சி மாறியபின் 2012 ஜனவரி 11 முதல் இன்றைய பெயரில் புதிய திட்டம் நடைமுறைக்கு வந்தது. 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பட்டு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்று உயர்ந்தது. பீரோவில் 2009-ம் ஆண்டு அட்டையைப் பத்திரமாக வைத்திருந்து, அதை நம்பி ஆம்புலன்ஸ் ஏறுவதில் பயனில்லை. பழைய அட்டை இருந்தால், அந்தக் குடும்பம் இப்போதைய பட்டியலில் இருக்கிறதா என்று 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் ரேஷன் கார்டு எண்ணைச் சொல்லிக் கேட்டுவிடலாம்.

தோவாளையில் பூக்கட்டிப் பிழைக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். விடிவதற்கு முன்பே சந்தை கூடிவிடும். ஓணத்துக்குக் கேரள வியாபாரிகள் வந்து குவியும் நாட்களிலும் கல்யாண மாதங்களிலும் கை ஓயாமல் வேலை இருக்கும். மழை பிடித்துக்கொண்டாலோ முகூர்த்தம் இல்லாமல் போனாலோ நாள் முழுக்கக் கட்டினாலும் கூலி கம்மி. சம்பளச் சீட்டு என்ற ஒன்றை இந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. இவர்களிடம்தான் 'ஆண்டு வருமானம் எவ்வளவு?' என்று படிவம் கேட்கிறது.

திட்டத்தில் சேர ஆண்டு வருமான வரம்பு முதலில் 72,000 ரூபாயாக இருந்தது. 2022 ஜனவரியில் 1,20,000 ஆக்கினார்கள். நாள் கணக்கில் பிரித்தால் ஒரு குடும்பத்துக்கு 329 ரூபாய். நூறு நாள் வேலைக்கு 2025-26-ல் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த கூலியே 336 ரூபாய். அதாவது அரசே வறியவர்களுக்கு வகுத்த கூலியை வருடம் முழுக்க ஒரே ஒருவர் வாங்கினாலும், அந்தக் குடும்பம் வரம்பைத் தாண்டிவிடும்! இருவர் உழைக்கும் வீடு கூலியைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதினால் கார்டு கிடையாது. இந்த வரம்பை உயர்த்தியே தீர வேண்டும். அதுவரை, வேலை கிடைக்காத மாதங்களையும் சேர்த்து வருடக் கணக்கைக் கிராம நிர்வாக அலுவலரிடம் மறைக்காமல் சொல்வதுதான் வழி. சீசன் மாதத்துக் கூலியைப் பன்னிரண்டால் பெருக்கிச் சொல்லிவிட்டு, 'எனக்குக் கிடையாதாம்' என்று திரும்பி வருகிறவர்கள் உண்டு. அது தேவையில்லாத நஷ்டம்.

காகிதம் எப்படி நகர்கிறது என்று பார்ப்போம். ரேஷன் கார்டு, வீட்டில் உள்ளவர்களின் ஆதார், வருவாய்த் துறை தரும் வருமானச் சான்று ஆகியவை வேண்டும். தோவாளை பெயரில் தாலுகா இருந்தாலும் தாலுகா ஆபீஸ் இருப்பது பூதப்பாண்டியில். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிட்டால் சான்றுக்காகப் பலமுறை அங்கே போய் நிற்க வேண்டியதில்லை. சான்று கையில் வந்ததும் நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்டப் பதிவு மையத்துக்குக் குடும்பத்தோடு போக வேண்டும். அங்கே போட்டோ எடுத்து, விரல்ரேகை வைத்து, விவரம் பதிவார்கள். இதற்கு நயா பைசா கட்டணம் கிடையாது. 'நான் முடித்துத் தருகிறேன்' என்று காசு கேட்கும் ஆளிடம் ஆதாரைக் கொடுக்கக் கூடாது.

பதிவு சிக்குவது சின்ன விஷயங்களில்தான். ஆதாரில் கணவர் பெயரின் முதலெழுத்து, ரேஷன் கார்டில் அப்பா பெயரின் முதலெழுத்து. ஒன்றில் 'வேலம்மாள்', மற்றதில் 'வேலம்மை'. கல்யாணமாகி வந்த மருமகளின் பெயர் இன்னும் பிறந்த வீட்டு ரேஷன் கார்டிலேயே இருக்கும். இந்தத் திட்டத்தில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, அவர்களைச் சார்ந்த பெற்றோர், பிள்ளைகள். பிள்ளைகள் வேலைக்குப் போகும் வரை, அல்லது கல்யாணம் ஆகும் வரை, அல்லது 25 வயது வரை, எது முந்தியோ அதுவரை. எல்லார் பெயரும் ரேஷன் கார்டில் இருந்தாக வேண்டும். புதுக் குழந்தையின் பெயரைச் சேர்ப்பதைச் சோம்பலால் தள்ளிப்போட்ட வீட்டில், அந்தக் குழந்தைக்கே இதயத்தில் ஓட்டை என்று தெரியவந்தால் அந்த ஒரு வாரம் பெரிய வாரம். முகாம்களில் இருக்கும் இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பு கிடையாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பலருக்கு அது தெரியாது.

ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் சேர்ந்தால், 'தர்மாஸ்பத்திரிதானே, இதுக்கு எதுக்கு கார்டு?' என்று கேட்பவர்கள் அதிகம். அங்கே சிகிச்சை இலவசம்தான். ஆனாலும் கார்டைக் காட்டுவதில் இரண்டு நன்மை. உள்ளே வைக்கும் கருவிகள் தேவைப்படும் பெரிய அறுவைகளுக்குக் காப்பீட்டிலிருந்து பணம் வரும். அந்த ஆஸ்பத்திரிக்கும் வருமானம் சேர்ந்து, கருவி வாங்கவும் பராமரிக்கவும் கை கொடுக்கும். 'எக்கா, கார்டு இருந்தா முதல்லயே குடுத்திருங்கோ' என்று கவுண்டரில் சொன்னால், இல்லை என்று தலையாட்டாமல் எடுத்து நீட்டுவதே நல்லது.

தனியார் ஆஸ்பத்திரி என்றால் கவனம் இன்னும் வேண்டும். வாசலில் திட்டத்தின் போர்டு இருப்பதாலேயே எல்லா நோய்க்கும் அங்கே கார்டு செல்லும் என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் துறைவாரியாகத்தான் அங்கீகாரம். இதயத்துக்கு இருக்கும், எலும்புக்கு இருக்காது. சேரும்போதே காப்பீட்டுக் கவுண்டரில் 'இந்த வியாதிக்கு இங்க கார்டு செல்லுமா, அப்ரூவல் போட்டாச்சா, மேற்கொண்டு நாங்க ஏதாவது கட்டணுமா' என்று கேட்டு, பதில் சொன்னவர் பெயரைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒப்புதல் வந்த சிகிச்சைக்கான தொகையில் படுக்கை, டாக்டர் கட்டணம், மருந்து, பரிசோதனை, பொருத்தும் கருவி, நோயாளியின் சாப்பாடு எல்லாம் அடங்கும். 'மருந்துக்கு மட்டும் தனியா கட்டுங்கோ' என்று சீட்டு நீட்டினால் கேள்வி கேட்க உரிமை இருக்கிறது. சாதாரணக் காய்ச்சலுக்கும் புறநோயாளிச் சீட்டுக்கும் இந்தக் கார்டு இல்லை.

நாஞ்சில் நாட்டுக்கென்று தனியாக ஒரு சிக்கல் உண்டு. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த பூமி இது. பெரிய நோய் என்றால் இன்றும் கால் தன்னால் திருவனந்தபுரம் பக்கம் நடக்கும். இதயம், மூளை என்றால் ஸ்ரீசித்திரா, புற்றுநோய் என்றால் ஆர்.சி.சி. சென்னையைவிட அது எவ்வளவோ பக்கம். ஆனால் களியக்காவிளை தாண்டினால் கார்டின் கதை மாறுகிறது. 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பின்படி ஆயுஷ்மான் பாரத் பட்டியலில் இடம்பெற்ற குடும்பங்களுக்கு, மற்ற மாநிலங்களில் அந்தத் திட்டத்தில் உள்ள ஆஸ்பத்திரிகளிலும் சிகிச்சை பெற வழி இருக்கிறது. மாநில அரசு மட்டும் பிரீமியம் கட்டும் குடும்பங்களுக்கு அந்த அகில இந்திய உரிமை இல்லை. ஒரே தெருவில், ஒரே வருமானத்தில், அடுத்தடுத்த வீட்டில் இருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் வரலாம். தங்கள் குடும்பம் எந்தப் பட்டியல் என்பதை 14555 என்ற எண்ணில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு ரயிலேறுவது உத்தமம். ஸ்ரீசித்திராவில் நோயாளியின் பொருளாதார நிலையைப் பார்த்துக் கட்டணம் குறைக்கும் ஏற்பாடும், அதை விசாரிக்கும் சமூகப் பணியாளர்களும் உண்டு. சேரும் அன்றே அவர்களைப் பார்க்க வேண்டும். ரேஷன் கார்டின் அசலும் வருமானச் சான்றும் பையில் இல்லாமல் போனால், அதற்காகவே ஒருவர் ஊருக்குத் திரும்பி ஓட வேண்டியிருக்கும்.

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே போகும் நாற்கரச் சாலை ஓரத்தில் வாழ்பவர்களுக்கு ஒன்று. சாலை விபத்து என்றால் கார்டு, வருமானம் எதுவும் பார்க்க வேண்டியதில்லை. 2021 டிசம்பர் 18-ல் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அடிபட்டவர் எந்த மாநிலத்தவரானாலும் சரி. முதலில் 1 லட்சம் ரூபாயாக இருந்த உச்சவரம்பு பிறகு 2 லட்சமாக்கப்பட்டது. 'முன்பணம் கட்டினால்தான் ஸ்கேன்' என்று சொன்னால், இந்தத் திட்டத்தின் பெயரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

கார்டும் இல்லை, வரம்புக்குள்ளும் வரவில்லை, ஆனால் கையில் பணமும் இல்லை. நடுத்தரக் குடும்பங்கள் பெரும்பாலும் மாட்டுவது இங்கேதான். அவர்களுக்குச் சில வாசல்கள் உண்டு. பிரதமரின் தேசிய நிவாரண நிதி 1948 ஜனவரியில், பாகிஸ்தானிலிருந்து இடம்பெயர்ந்தவர்களுக்காகத் தொடங்கப்பட்டது. இன்று இதய அறுவை, சிறுநீரக மாற்று, புற்றுநோய் போன்றவற்றுக்கு அதிலிருந்து ஒரு பகுதி உதவி தருகிறார்கள். ஆஸ்பத்திரி தரும் செலவு மதிப்பீட்டின் அசல், வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, போட்டோ ஆகியவற்றோடு விண்ணப்பிக்க வேண்டும். நாடாளுமன்ற உறுப்பினரின் பரிந்துரைக் கடிதம் வாங்கி இணைப்பது வழக்கம். பணம் நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் போகும், கட்டி முடித்த பில்லுக்குக் கிடைக்காது. இங்கேயும் அதே விதி. ஆகவே டாக்டர் அறுவைக்குத் தேதி குறிக்கும் அன்றே 'எஸ்டிமேட் வேணும்' என்று கேட்டு, முத்திரையோடு வாங்கிவிட வேண்டும். முதலமைச்சரின் பொது நிவாரண நிதிக்கும் மனு செய்யலாம்.

இன்னொரு வாசல் நம் மாவட்டத்துக்குப் பழக்கமானது. 1838-ல் நெய்யூரில் லண்டன் மிஷன் மருத்துவப் பணி தொடங்கியது. 1922 எவரெஸ்ட் பயணத்தில் பங்கேற்ற டாக்டர் சாமர்வெல், அது முடிந்து ஊர் சுற்றி வந்தபோது நெய்யூரில் அறுவைக்குக் காத்திருந்த கூட்டத்தைப் பார்த்து, லண்டன் வேலையை வேண்டாம் என்று இங்கேயே பணிக்கு வந்துவிட்டார். ஏழைக்குக் கட்டணத்தைத் தளர்த்துவது என்ற பழக்கம் இந்த மண்ணில் அத்தனை ஆழமானது. மிஷன் ஆஸ்பத்திரியோ அறக்கட்டளை ஆஸ்பத்திரியோ, 'கன்செஷன்' கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கேட்கும் இடம் பில் கவுண்டர் அல்ல, நிர்வாக அலுவலகம். வாயால் கேட்பதைவிட அரைப்பக்கக் கடிதம் எழுதி, என்ன வேலை, எத்தனை பேர் சாப்பிடுகிறோம், இதுவரை எவ்வளவு கட்டியிருக்கிறோம் என்று விவரமாகச் சொல்லிச் சான்றுகளை இணைத்தால் பலன் கூடும். மகாராஷ்டிரத்தில் அறக்கட்டளை ஆஸ்பத்திரிகள் படுக்கையில் 10 சதவீதத்தை வறியவர்களுக்கு இலவசமாகவும், இன்னொரு 10 சதவீதத்தைச் சலுகையிலும் ஒதுக்க வேண்டும் என்று சட்டப்படியான ஏற்பாடே உண்டு. தமிழ்நாட்டுக்கும் அப்படி ஒன்று வர வேண்டும்.

கடைசியில் பில்லே கைக்கு வந்துவிட்டால், மொத்தத் தொகையைப் பார்த்துத் தலையில் கை வைக்காமல், வரி வரியாகப் பிரித்த பில் கேட்க வேண்டும். தேசிய மனித உரிமை ஆணையம் வகுத்த நோயாளி உரிமைச் சாசனம் அதை உரிமையாகவே சொல்கிறது. பணத் தகராறைக் காட்டி நோயாளியையோ உடலையோ பிடித்து வைக்கக் கூடாது என்பதும் அதில் உண்டு. இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தால், 2017 பிப்ரவரியில் மத்திய அரசு அதற்கு உச்ச விலை நிர்ணயித்திருக்கிறது. ஸ்டென்டின் விலை, தயாரித்த நிறுவனம், பெயர், பேட்ச் எண் எல்லாம் பில்லில் தனியாக இருக்க வேண்டும். முழங்கால் மூட்டு மாற்றுக் கருவிக்கும் அதே ஆண்டு ஆகஸ்டில் உச்ச விலை வந்தது.

கார்டு இருந்தும் ஒப்புதலுக்கு மேல் பணம் வாங்கினார்கள் என்றால், அதற்கு மட்டும் பிந்தியும் வழி இருக்கிறது. ஆட்சியர் தலைமையில் மாவட்டக் குறைதீர்ப்புக் குழு உண்டு. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம். பணம் கட்டிய ரசீது ஒவ்வொன்றின் நகலும், டிஸ்சார்ஜ் சம்மரியும், கார்டு நகலும் மனுவோடு இருக்க வேண்டும். துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்த தொகை ரசீது ஆகாது. பணம் கட்டும் ஒவ்வொரு தடவையும் அச்சடித்த ரசீது கேட்டு வாங்கி, அதன் பின்பக்கம் எதற்காகக் கட்டியது என்று அன்றைக்கே எழுதி வைப்பது நல்லது. மனுவைக் கொடுத்ததும் எண் போட்ட ஒப்புகைச் சீட்டு தருவார்கள். அடுத்த முறை போகும்போது முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.