கல்லாவும் கேமராவும் ஒரே இணைப்பிலா?

பில் போடும் கணினி, கார்டு மிஷின், மின்னணுத் தராசு, கண்காணிப்புக் கேமரா, கடைப் பையன்களின் செல்போன் என்று மளிகைக் கடையில்கூட இன்று பலதும் ஒரே வைஃபை பெட்டியை நம்பி ஓடுகின்றன. கணினிக்கு மட்டும் வைரஸ் தடுப்பு வாங்கிப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறோம். வாசலுக்குத் திண்டுக்கல் பூட்டு, கொல்லைக்கதவு திறந்தபடி!

2013-ல் அமெரிக்காவின் டார்கெட் அங்காடிகளில் சுமார் 4 கோடி கார்டுகளின் விவரங்கள் களவு போயின. திருடர்கள் நுழைந்தது, குளிர்சாதன வேலை பார்த்த ஒப்பந்த நிறுவனத்துக்குத் தந்திருந்த பாஸ்வேர்டு வழியாக. அங்கிருந்து கல்லாவரை போய்விட்டார்கள். 2016-ல் மிராய் வைரஸ் லட்சக்கணக்கான கேமராப் பெட்டிகளையும் ரூட்டர்களையும் பிடித்தது. கம்பெனி வைத்து அனுப்பிய பாஸ்வேர்டை வாங்கியவர்கள் மாற்றாததே அதற்கு வசதி.

ஆகவே வணிகப் பெருமக்களே, கேமரா மாட்டியவர் போனதும் பாஸ்வேர்டை நீங்களே மாற்றிவிடுங்கள். செல்போனில் கடையைப் பார்க்கும் ஆசை இல்லையென்றால் அந்தப் பெட்டிக்கு இணையமே வேண்டாம். (பலருக்கு அந்த ஆசை முதல் வாரத்தோடு சரி!) பில் கணினிக்குத் தனி இணைப்பு நல்லது. முடியாதவர்கள், செல்போன்களையாவது ரூட்டரில் உள்ள ‘கெஸ்ட்’ வைஃபைக்கு மாற்றலாம். பல ரூட்டர்களில் அது இருக்கிறது, தனிச் செலவில்லை.

இந்த ஞாயிறு, சரக்கு இருப்பு எடுப்பதுபோல, இணையத்தில் சேர்ந்த சாமான்களை ஒரு சிட்டையில் எழுதிப் பாருங்கள். பாஸ்வேர்டு மாற்றாதவற்றுக்கு எதிரே சிவப்பு மையில் ஒரு புள்ளி.