உங்களுக்குத் தெரியுமா? பேசும் சிறுத்தைக்குட்டியும் நம் தேயிலை மலையும்

2012இல் வெளிவந்த ‘டெல்லி சஃபாரி’ என்ற இந்திய அனிமேஷன் படத்தில் காட்டு விலங்குகள் பேசும், நம்மைச் சிரிக்கவும் வைக்கும். காடு அழிக்கப்படும்போது தந்தையை இழந்த சிறுத்தைக்குட்டி யுவி, குரங்கு, கரடி, கிளியோடு மும்பையிலிருந்து டெல்லிக்கே நியாயம் கேட்கப் போகிறது. நிகில் அத்வானி இயக்கிய இப்படம், சிறந்த அனிமேஷன் படத்துக்கான இந்தியத் தேசிய விருதைப் பெற்றது.

நம் மலையகச் சிறுத்தைக்கும் காடு சுருங்கிவிட்டது. உலகில் இலங்கையில் மட்டுமே வாழும் இந்தத் துணையினம், தேயிலைத் தோட்டங்களை ஒட்டிய துண்டுக்காடுகளிலும் உலவுகிறது. 2020 மே மாதம், நல்லதண்ணி லக்ஷபான தோட்டத்தில் கம்பிச் சுருக்கில் சிக்கிய அரிய கருஞ்சிறுத்தை சில நாட்களில் இறந்தது. பன்றிக்கு வைக்கும் சுருக்கு சிறுத்தையையும் கொல்லும். படத்துக் குட்டிபோல் அதற்குப் பேசத் தெரியாது. அதற்காக நாம்தான் பேச வேண்டும்.