குழந்தைத் துணியில் போகாத வாடை: காரணமும் நிவாரணமும்

தில்லியிலும் நொய்டா, குருகிராம் பகுதிகளிலும் வசிக்கும் நம் குடும்பங்களில் பேரனோ பேத்தியோ பிறந்தால், ஊரிலிருந்து வரும் பாட்டியின் பெட்டியில் பழைய வேட்டியும் நூல் புடவையும் கட்டாயம் இருக்கும். கிழித்து, மடித்து, ஓரம் தைத்தால் குழந்தைக்கு அருமையான நாப்பி தயார். ஆனால் இரண்டு மூன்று மாதங்களில் ஒரு புகார் எழும்: "எத்தனை துவைத்தாலும் வாடை போகவில்லையே!" உடனே பழி பிள்ளை பெற்றவள் மேல் விழும். சரியாக அலசவில்லை என்பார் ஒருவர். சோப்பு போதவில்லை என்பார் இன்னொருவர். பெரும்பாலான வீடுகளில் குற்றவாளி குழாயில் வரும் தண்ணீர்தான்.

வாடை எங்கிருந்து வருகிறது?

ஆரோக்கியமான குழந்தையின் புதுச் சிறுநீருக்கு அதிக வாடை கிடையாது. அதிலுள்ள யூரியாவைத் துணியில் தங்கிய பாக்டீரியாக்கள் சிதைத்து அமோனியாவாக மாற்றுகின்றன. மூக்கைத் துளைப்பது அதுதான். இரவு முழுவதும் கட்டிய துணியில் காலையில் கொஞ்சம் வாடை இருப்பது இயல்பு. ஆனால் நன்கு உலர்ந்த துணியைக் கட்டி, குழந்தை நனைத்த சில நிமிடங்களிலேயே நெடி அடித்தால், பழைய கசடு நூலிழைக்குள் தங்கியிருக்கிறது என்று பொருள். இது மூக்குக்கு மட்டும் தொல்லையல்ல. அமோனியாவும் ஈரமும் சேர்ந்து குழந்தையின் மென்மையான தோலைப் புண்ணாக்கிவிடும்.

உப்புத் தண்ணீர் செய்யும் வேலை

இங்கே 'காரா பானி' என்று சொல்லும் ஆழ்குழாய்த் தண்ணீரில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் அதிகம். குடிநீருக்கான இந்தியத் தரம் (ஐ.எஸ். 10500, 2012) லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மையை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் இல்லாவிடில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் கூறுகிறது. இந்த உப்புகள் சோப்புடன் சேர்ந்தால் நுரைக்குப் பதில் பிசுபிசுப்பான வெள்ளைக் கசடு உண்டாகும். அது துணிக்குள் படிந்து, அழுக்கையும் பாக்டீரியாவையும் பிடித்து வைத்துக்கொள்ளும். துணி விறைக்கும், ஈரம் உறிஞ்சும் சக்தியும் குறையும்.

ரயில்வேயில் நீராவி எஞ்சின் ஓடிய காலத்தில் எங்களுக்கும் இதே பிரச்னைதான். கடின நீரால் பாய்லருக்குள் செதில் படியும். அதைத் தடுக்கத் தண்ணீரில் சோடா சாம்பல் சேர்ப்போம். அதே பொருள்தான் துணி சோடா.

உங்கள் வீட்டுத் தண்ணீரைச் சோதிக்க, ஒரு பாட்டிலில் பாதி நீர் எடுத்து, சீவிய துணி சோப்புச் சிறிதளவு போட்டுக் குலுக்குங்கள். நுரை எழும்பாமல் தயிர்போல் திரிந்தால் கடின நீர்.

வாடை போக்கும் முறை

1. துணியைச் சாதாரண நீரில் இரண்டு முறை நன்றாக அலசிவிடுங்கள்.

2. பத்து லிட்டர் சுடுநீரில் இரண்டு மேசைக்கரண்டி துணி சோடாவும் வழக்கமான அளவு டிடர்ஜென்ட் தூளும் கலந்து, நான்கு மணி நேரம் ஊறவையுங்கள். கடையில் 'கப்டே தோனே கா சோடா' என்று கேளுங்கள். 'மீட்டா சோடா' என்றால் சமையல் சோடாவைக் கொடுப்பார்கள். கட்டி சோப்பு வேண்டாம். கைக்கு உறை அவசியம்.

3. கசக்கிப் பிழிந்து, நுரை நிற்கும்வரை அலசுங்கள்.

4. அதன்பின் தனியாக, பத்து லிட்டர் நீரில் ஒரு தம்ளர் வெள்ளை வினிகர் ('சிர்க்கா') கலந்து அரைமணி ஊறவைத்து, மீண்டும் இருமுறை அலசுங்கள். உப்புப் படிவை வினிகர் கரைக்கும்.

சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலந்தால் பொங்குவது பார்க்க நன்றாயிருக்கும். ஆனால் காரமும் அமிலமும் ஒன்றையொன்று முறித்துவிடுவதால் பயன் ஏதுமில்லை.

ஊரில் துணியை அண்டாவில் போட்டு வேகவைப்பார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் கடின நீரைக் கொதிக்கவைத்தால் அதிலுள்ள சுண்ணாம்பின் ஒரு பகுதி துணி மேலேயே படியும். ஆகவே முதலில் தண்ணீரை மட்டும் கொதிக்கவைத்து, ஆறித் தெளிந்தபின் மேல்நீரை எடுத்து உபயோகியுங்கள்.

செய்யக் கூடாதவை

ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் கழிவு நீரைச் சிக்கனம் கருதிக் குழந்தைத் துணிக்குப் பயன்படுத்தாதீர்கள். உப்பு அதில்தான் செறிந்திருக்கிறது. தரை துடைக்கப் போதும். வாசனைத் திரவங்களும் துணி மென்மையாக்கிகளும் வாடையை மறைக்குமே தவிர நீக்கா. மென்மையாக்கி துணியின் உறிஞ்சும் திறனையும் கெடுக்கும். பிளீச்சை வினிகருடன் ஒருபோதும் சேர்க்காதீர்கள். சிறுநீர்த் துணியில் நேராகவும் ஊற்றாதீர்கள். இரண்டிலும் நச்சு வாயு கிளம்பும்.

முக்கியமாக ஒன்று: குழந்தைத் துணி இருக்கும் பெட்டியில் அந்துருண்டை வேண்டாம். ஜி-6-பி-டி என்னும் நொதிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு, நாப்தலீன் பட்ட துணியால் இரத்த அணுக்கள் சிதைந்து கடும் மஞ்சள் காமாலை வரக்கூடும். குறைபாடு இருப்பது வெளியே தெரியாது. பெட்டியிலிருந்து எடுத்த பழைய வேட்டியில் அந்துருண்டை வாசம் வீசினால், அதைக் குழந்தைக்குக் கிழிக்காமல் வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மீண்டும் வராமலிருக்க

நனைந்த துணியை மூடிய வாளியில் சேர்த்து வைக்காமல் அவ்வப்போது அலசிப் போடுங்கள். எட்டு மடிப்பை ஒன்றாகத் தைக்காமல், விரித்து உலர்த்தும்படி ஒற்றைத் துணியாக ஓரம் மட்டும் அடித்துக்கொண்டால், கட்டும்போது மடித்துக்கொள்ளலாம். நடு மடிப்பிலும் தண்ணீர் புகுந்து வெளியேறும். தில்லிப் பனிமூட்டத்தில் துணி காய இரண்டு நாளும் ஆகலாம். அரைகுறையாய் உலர்ந்த துணியில் வருவது பூஞ்சை வாடை. அதற்கு சோடா தேவையில்லை, மின்விசிறிக் காற்றோ இளம் சூட்டில் இஸ்திரியோ போதும். வெயில் கிடைக்கும் நாளில் மொட்டை மாடியை விட்டுவிடாதீர்கள்.

இத்தனைக்குப் பிறகும் தோல் சிவப்பு இரண்டு மூன்று நாளில் தணியாவிட்டாலும், காய்ச்சல் இருந்தாலும், சிறுநீர் குறைந்தாலும், துணியை ஆராய்வதை நிறுத்திக் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.