‘எனக்கு ஒண்ணும் செய்யலையே, சிஸ்டர்!’

பி.பி. 170-க்கு 100 என்று சீட்டில் எழுதி முடிப்பதற்குள் எதிரே இருப்பவர் கேட்டுவிடுவார்: “தலைவலி இல்ல, மயக்கம் இல்ல. எனக்கு ஒண்ணும் செய்யலையே சிஸ்டர், எதுக்கு மாத்திரை?” ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொற்றா நோய்ப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் செவிலியரான எனக்கு இது அன்றாடக் கேள்வி. நியாயமான கேள்வியும்கூட. இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால், இரத்த அழுத்தத்தை உடம்பு எப்படிக் கட்டிக்காக்கிறது என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

படுத்திருப்பவர் எழுந்து நின்றால், அரை லிட்டருக்கும் மேலான இரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்கிவிடும். இதயத்துக்குத் திரும்புவது குறையும். மூளைக்குப் போவதும் குறைய வேண்டும். ஆனாலும் நாம் மயங்கி விழுவதில்லை. காரணம் கழுத்தில் இருக்கிறது. தாடைக்குக் கீழே நாடி துடிக்கும் பக்கம், மூளைக்குப் போகும் தமனி இரண்டாகப் பிரிகிறது. அந்த இடத்துச் சுவரில் நரம்பு முனைகள் பின்னிக் கிடக்கின்றன. இதயத்திலிருந்து கிளம்பும் மகாதமனியின் வளைவிலும் இதே மாதிரி முனைகள் உண்டு. ஒவ்வொரு துடிப்புக்கும் சுவர் எவ்வளவு விரிகிறது என்று மூளையின் அடிப்பகுதியான முகுளத்துக்குச் சொல்லிக்கொண்டே இருப்பதுதான் இவற்றின் வேலை.

விரிவு குறைந்தால் முகுளம் காத்திருப்பதில்லை. இதயத்தை வேகமாகத் துடிக்க வைக்கிறது. கை, கால், குடல் பகுதிகளின் நுண்தமனிகளை இறுக்குகிறது. மேட்டு வயலுக்குத் தண்ணீர் ஏற வேண்டுமானால் பள்ளத்து மடைகளை அடைப்போமே, அந்த வேலைதான் இதுவும். ஓரிரு துடிப்புகளுக்குள் இது தொடங்கிவிடும்.

வயதானவர்களை உட்காரவைத்துப் பார்த்ததோடு நான் விடுவதில்லை, நிற்கவைத்தும் பார்ப்பேன். சர்க்கரை நோயுள்ள பெரியவர் ஒருவருக்கு உட்கார்ந்திருந்தபோது மேல் அளவு 142. எழுந்து நின்ற ஒரு நிமிடத்தில் 116. “விடியக்காலம் எந்திரிச்சா கண்ணு இருட்டிக்கிட்டு வருதும்மா” என்று அவர் சொன்னதன் காரணம் அந்த இரண்டு எண்களில் இருந்தது. நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20, அல்லது கீழ் அளவு 10 இறங்கினாலே கவனிக்க வேண்டும். நெடுநாள் சர்க்கரை, தகவல் கொண்டுபோகும் நரம்புகளைப் பழுதாக்கியிருக்கலாம். சாப்பிடும் மாத்திரையும் காரணமாக இருக்கலாம். மருத்துவர் மாத்திரைகளைப் பார்த்து மாற்றினார். “கட்டில் ஓரத்துல கொஞ்ச நேரம் உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழும் அசைச்சுட்டு, அப்புறம் எந்திரிங்க ஐயா” என்றேன். வயதானவர்களுக்கு இடுப்பெலும்பு முறிவது பல நேரம் இப்படி விழுந்துதான்.

கழுத்து நொடிகளைப் பார்த்துக்கொள்கிறது. நாட்களையும் வருடங்களையும் பார்த்துக்கொள்வது சிறுநீரகம். ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டி, ஒன்றரை லிட்டர் போல மட்டும் வெளியே விட்டு, மிச்சத்தை இரத்தத்துக்கே திருப்பித் தருகிறது. சித்திரை வெயிலில் வேலை செய்பவருக்கு வியர்வையில் நீரும் உப்பும் போய் அழுத்தம் இறங்கப் பார்த்தால், சிறுநீரகம் ரெனின் என்ற பொருளைச் சுரக்கும். 1898-இல் ஸ்டாக்ஹோமில் டிகர்ஸ்டெட், பெர்க்மன் என்ற இருவர் கண்டறிந்தது இது. ரெனின் தொடங்கிவைக்கும் வேலை ஆஞ்சியோடென்சின் என்ற பொருளில் போய் முடிகிறது. அது இரத்தக் குழாய்களை இறுக்கும்; அட்ரினல் சுரப்பியைத் தூண்டி உப்பைப் பிடித்து வைக்கும். உப்பு தங்கினால் தண்ணீரும் தங்கும். அழுத்தம் நிமிரும்.

உப்பு மிஞ்சினால் இதற்கு நேர்மாறு நடக்க வேண்டும். மிகையான உப்பைச் சிறுநீரகம் வெளியே தள்ளும். ஆனால் அந்தத் திறன் குறைந்துபோன சிறுநீரகத்துக்கு, அதே உப்பைத் தள்ளக் கூடுதல் அழுத்தம் தேவைப்படுகிறது. நீண்ட கால அழுத்தத்தை முடிவுசெய்வது சிறுநீரகம்தான் என்று அமெரிக்க உடலியல் அறிஞர் ஆர்தர் கைட்டன் வாதிட்டது இதனால்தான். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டிக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், கருவாடு, அப்பளம், மிக்சர் எல்லாம் இந்தக் கணக்கில் அடக்கம்.

நாங்கள் கொடுக்கும் மாத்திரைகளும் இந்த வழிகளில்தான் போகின்றன. அம்லோடிபின் நுண்தமனிகளின் தசையைத் தளர்த்துகிறது. எனலாப்ரில் ஆஞ்சியோடென்சின் உருவாவதைத் தடுக்கிறது. எனலாப்ரில் வகை மருந்துகளுக்கு வழிகாட்டியது பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் நஞ்சு. 1960-களில் அதை ஆராய்ந்தவர் செர்ஜியோ ஃபெரெய்ரா.

இவ்வளவு காவல் இருந்தும் அழுத்தம் ஏன் ஏறி நின்றுவிடுகிறது? கழுத்து நரம்பு முனைகளுக்கு ஒரு குணம் உண்டு: அவை திடீர் மாற்றத்தைத்தான் கண்டுகொள்ளும். அழுத்தம் ஏறி அப்படியே நின்றால், ஓரிரு நாட்களிலேயே அந்த உயர்ந்த அளவுக்குப் பழகிவிடும். பிறகு 170-ஐயே சரியான அளவாக எடுத்துக்கொண்டு அதைக் காப்பாற்றத் தொடங்கும். நமக்கு வெளியே ஒன்றும் தெரியாது. ஆனால் இதயச் சுவர் தடிப்பதும், சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் கெடுவதும், மூளையின் இரத்தக் குழாய்கள் பலவீனமாவதும் நடந்துகொண்டுதான் இருக்கும். முதல் அறிகுறியே பக்கவாதமாக வந்து, குடும்பமே நிலைகுலைந்து போனதைப் பார்த்திருக்கிறேன். அதைத் தடுத்திருக்கலாம் என்ற எண்ணம்தான் என்னை ஒவ்வொருவரிடமும் இவ்வளவு பேச வைக்கிறது.

மாத்திரை தொடங்கிய புதிதில் சிலருக்குச் சோர்வும் கிறுகிறுப்பும் வரும். உயர்ந்த அளவுக்குப் பழகிய உடம்பு சரியான அளவுக்குத் திரும்பக் கொஞ்ச நாள் எடுக்கும். அதைத் தாங்காமல் பலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள், வந்து சொல்லுங்கள், அளவை மாற்றலாம். ‘நார்மல் ஆயிடுச்சு’ என்றும் நிறுத்தாதீர்கள். அந்த நார்மல் மாத்திரை போட்டதால் வந்தது.

பி.பி. பார்க்க வந்தால் ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். அதற்கு முந்தைய அரை மணி நேரம் காபி, டீ, பீடி, சிகரெட் வேண்டாம். முதுகு சாய்ந்திருக்கட்டும், பாதம் தரையில் படட்டும், கை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் இருக்கட்டும். உங்கள் வீட்டில் 30 வயது தாண்டியவர்கள் எத்தனை பேர், அவர்களில் யாருடைய பி.பி. உங்களுக்குத் தெரியும் என்று இன்றைக்கே கேட்டுப் பாருங்கள். தெரியாதவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்து வாருங்கள். இங்கே பரிசோதனையும் இலவசம், மாத்திரையும் இலவசம்.