போர்டு செய்பவரின் இன்னொரு டேப்... கேமரா! ஒரு போட்டோ எப்படி அளவு சொல்கிறது?

தாம்பரம் ஸ்டேஷனைவிட்டு வெளியே வந்து, ஜி.எஸ்.டி ரோட்டில் நின்று ஒருமுறை நிமிர்ந்து பாருங்க. நகைக்கடை, மொபைல் கடை, கிளினிக், டியூஷன் சென்டர்னு போர்டுகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும். முடிச்சூர் ரோடு, சேலையூர், மேடவாக்கம்னு எந்தப் பக்கம் போனாலும் இதே காட்சிதான். இவற்றில் பல போர்டுகள் பிறப்பது ஒரு சைட் போட்டோவில். அந்த போட்டோ சொதப்பினால், போர்டும் சொதப்பும்.

போட்டோவுக்கும் இந்தத் தொழிலுக்குமான உறவு புதுசு இல்லை. மவுன்ட் ரோட்டின் பிரமாண்ட சினிமா பேனர்களைக் கையால் வரைந்த ஓவியர்கள், படத்தின் ஸ்டில்லில் கட்டம் போட்டு, அதே கட்டங்களைத் துணியில் பெரிதாக்கி முகங்களை வரைந்தார்கள். இன்றைய டிசைனர் அதே விகிதக் கணக்கை பிக்ஸலில் போடுகிறார். ஒரே வித்தியாசம், அன்று தப்பு வந்தால் மேலே பெயின்ட் அடித்துத் திருத்தலாம். ஏசிபி ஷீட்டையும் அக்ரிலிக் எழுத்தையும் வெட்டிய பிறகு திருத்த முடியாது. ஓர் அடி குறைந்தால், அந்த நஷ்டம் யார் தலையில் என்ற சண்டைதான் மிச்சம்!

ஏ4 தாள் டெக்னிக்

மாடி உயரத்தில் டேப் பிடிக்க ஏணியும் ஆளும் வேண்டும். எஸ்டிமேட் போடும் நேரத்தில் இரண்டும் இருக்காது. அப்போது கைகொடுப்பது கேமராதான். போர்டு வரப்போகும் அதே சுவரில், கை எட்டும் இடத்தில் ஓர் ஏ4 தாளைப் படுக்கைவாட்டில் ஒட்டி, நேர் எதிரே நின்று போட்டோ எடுங்கள். தாளின் நீளம் 29.7 செ.மீ. போட்டோவில் அது 150 பிக்ஸல், சுவரின் அகலம் 1,850 பிக்ஸல் என்றால், 1,850-ஐ 150-ஆல் வகுத்து 29.7-ஆல் பெருக்குங்கள். சுமார் 366 செ.மீ, அதாவது 12 அடி. அவ்வளவுதான்!

தாளுக்குப் பதில் 4 அடி ஸ்கேல் வைத்தால் கணக்கு இன்னும் துல்லியமாகும். ஆனாலும் இது எஸ்டிமேட்டுக்கு மட்டும்தான். ஷீட்டை வெட்டும் முன் டேப் பிடித்தே ஆக வேண்டும்.

அளவைக் கெடுக்கும் 3 தப்புகள்

* போனை அண்ணாந்து பிடிப்பது: கட்டடம் மேலே போகப்போகக் குறுகித் தெரியும். மேல்மாடி அளவு குறைந்துவிடும். போன் சுவருக்கு இணையாக, நேராக நிற்க வேண்டும்.

* கிட்டே நின்று எடுப்பது: போனின் வைடு லென்ஸ், ஓரங்களை இழுத்துக் காட்டும். ரோட்டைத் தாண்டிப் போய் 2எக்ஸ் ஜூமில் எடுங்கள். ஆப்டிகல் ஜூம் உள்ள பழைய டிஜிட்டல் கேமரா வீட்டில் சும்மா கிடந்தால், அதைத் தூசு தட்ட இதுதான் நேரம். ஜி.எஸ்.டி ரோடு மாதிரி இடங்களில், ஞாயிறு அதிகாலை போனால் பஸ் மறைக்காது.

* தாளைக் கையில் பிடித்து நிற்பது: 20 அடி தூரத்தில் இருந்து எடுக்கும்போது, தாள் சுவருக்கு 2 அடி முன்னால் இருந்தால் போதும். 12 அடி சுவர், கணக்கில் 10.8 அடியாகிவிடும்!

கலரை மட்டும் நம்பாதீங்க

விகிதத்தைச் சொல்லும் கேமரா, நிறத்தில் ஏமாற்றும். வெயில், நிழல், டியூப் லைட்டுக்கு ஏற்ப போனே நிறத்தை மாற்றிவிடும். பழைய போர்டின் சிவப்பு வேண்டும் என்றால், வினைல் ஷேடு கார்டை அதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் ஒரே வழி.

வாட்ஸ்அப் இன்னொரு வில்லன். சாதாரணமாக அனுப்பினால், படத்தின் நீளம் சுமார் 1,600 பிக்ஸலாகச் சுருங்கும். அதை 10 அடி ஃப்ளெக்ஸில் போட்டால், ஓர் அங்குலத்துக்கு 13 பிக்ஸல்தான். தாத்தா முகம் கட்டம் கட்டமாகத் தெரிவது இதனால்தான். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

டிசைனை சுவரில் வைத்துப் பாருங்க

எடுத்த போட்டோ மேல் டிசைனை வைத்துக் காட்டினால், கடைக்காரருக்குச் சட்டென்று புரியும். தமிழ்நாட்டு விதிப்படி பெயர்ப்பலகையில் தமிழ்தான் முதன்மை. தமிழ், ஆங்கிலம், பிற மொழிக்கான அளவு 5:3:2. அது சரியாக வருகிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம்.

பக்கவாட்டு போட்டோ ஏன் முக்கியம்?

முன்பக்கப் படம் அழகைச் சொல்லும். ஆபத்தைச் சொல்வது பக்கவாட்டுப் படம்தான். கரன்ட் கம்பி எவ்வளவு பக்கத்தில் போகிறது, சன்ஷேடு எவ்வளவு நீட்டியிருக்கிறது, பூச்சு உதிர்ந்திருக்கிறதா என எல்லாம் அதில் தெரியும்.

2019 செப்டம்பர் 12 அன்று பள்ளிக்கரணையில், ஒரு பேனர் சரிந்து விழுந்ததில் ஸ்கூட்டரில் போன 23 வயது மென்பொருள் பொறியாளர் கீழே விழுந்தார். பின்னால் வந்த தண்ணீர் லாரி மோதி உயிரிழந்தார். உயரத்தில் எதை மாட்டினாலும், அதன் கீழே யாரோ போய்க்கொண்டிருக்கிறார்கள்.

அதனால் வேலை முடிந்ததும் போர்டை மட்டும் எடுக்காமல், அதைத் தாங்கும் ஆங்கிள், போல்ட், வயர் இணைப்பையும் தேதியோடு கிட்டத்தில் எடுத்து வையுங்கள். அடுத்த மழைக்காலத்துக்கு முன் அதே இடங்களை மறுபடி எடுத்து ஒப்பிட்டால், துருவும் தளர்வும் தெரிந்துவிடும். நீங்கள் கடை வைத்திருப்பவர் என்றால், பில் வாங்கும்போதே இந்தப் படங்களையும் கேட்டு வாங்குங்கள்.