நாணயமும் நம்பிக்கையும்

நாணயம் என்னும் சொல் தமிழில் இருபொருள் தருவது. கையிற்கொண்டு வழங்கும் காசும் நாணயம். சொன்ன சொல் தவறாத நேர்மையும் நாணயம். ‘அவர் நாணயஸ்தர்’ என்று ஊரார் ஒருவரைப் புகழுமிடத்து, அவர் பெட்டியிலுள்ள பொருளைக் கருதுவாரல்லர். அவருடைய வாய்மையையே கருதுவர். இவ்விருபொருளும் ஒரு சொல்லில் வந்து கூடியது மிகவும் பொருத்தமென்பது, நம் நாட்டுக் காசின் வரலாற்றை ஆராய்வார்க்குப் புலனாகும். உலோகத்தின் மதிப்போடு, அதனை வெளியிட்டாருடைய வாக்கின் மதிப்பும் சேர்ந்தே காசை வழங்கச் செய்கின்றது. அவ்வாக்குத் தளர்ந்த காலங்களில் அதனால் வந்த நட்டத்தைச் சுமந்தவர் யாவர் என்பதைச் சேலம், நாமக்கல் என்னும் நம் சமவெளி நாட்டை முன்னிறுத்தி ஈண்டு ஒருவாறு விளக்குவாம்.

1987-ஆம் ஆண்டில் சேலத்தைச் சார்ந்த கோனேரிப்பட்டியில் ரோமாபுரியின் வெள்ளி நாணயங்கள் கண்டெடுக்கப்பட்டன. கொங்கு நாட்டில் கரூர், வெள்ளலூர் முதலிய இடங்களிலும் இத்தகைய நாணயங்கள் கிடைத்துள்ளன. தென்னாட்டிற் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளுள் அகஸ்து, திபேரியு என்னும் சீசர்களுடையவையே மிகுதி. சீசருக்கு வரி கொடுத்தல் தகுமோ என்று வினவியவரிடத்து இயேசுபெருமான் ஒரு காசைக் காட்டச்சொல்லி, அதிலுள்ள உருவம் யாருடையது என்று கேட்ட செய்தியை நம் மாணவர் அறிவர். அது திபேரியுவின் வெள்ளிக் காசாகவே இருக்கவேண்டுமென்பது அறிஞர் பலரது கருத்து. எருசலேமில் வரிப்பணமாய் நின்ற அவ்வினக் காசு, மிளகுக்கும் ஆடைக்கும் படியூர்ப் பச்சைக்கல்லுக்கும் விலையாகக் கடல் கடந்து நம் நாட்டை அடைந்தது. ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் பணத்தை இந்தியா ஈர்த்துக்கொள்கின்றதென்று பிளினி என்னும் ரோமானிய ஆசிரியர் வருந்தி எழுதினார்.

ஆயினும், யூதேயாவிற் சீசரின் முகத்திற்கு இருந்த அதிகாரம் இங்கே இல்லை. புதுக்கோட்டைச் சீமையில் 1898-ஆம் ஆண்டிற் கிடைத்த ஐந்நூற்றுக்கு மேற்பட்ட ரோமானியப் பொற்காசுகளுட் பெரும்பாலானவற்றில் அரசனது முகத்தின்மேல் உளியால் வெட்டிய தழும்பு காணப்படுகின்றது. அவை மீண்டும் காசாக வழங்காமல் வெறும் பொன்னாகவே கொள்ளப்படுதற்பொருட்டு இவ்வாறு வெட்டப்பட்டன என்பர். அயலான் முகத்தை நம்பாது பொன்னின் எடையை நம்பினர் நம் முன்னோர். இதனிடையே கரூரிலிருந்த சேர மன்னர் தம் பெயரும் உருவும் பொறித்த காசுகளை வெளியிடலாயினர். ‘மாக்கோதை’ என்னும் பெயரோடு கூடிய வெள்ளிக் காசு அமராவதி ஆற்றுப்படுகையிற் கிடைத்துள்ளது. அதிலுள்ள முகம் ரோமானியக் காசின் முறையைத் தழுவியதென்பது பார்த்த அளவிலேயே விளங்கும்.

இடைக்காலத்துக் கல்வெட்டுக்கள் பொன்னைக் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்னும் நிறைகளாற் கணக்கிடுகின்றன. இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. கொங்கு நாட்டுக் கல்வெட்டுக்களிற் ‘பழஞ்சலாகை அச்சு’ என்றொரு காசின் பெயர் பயில்கின்றது. ‘பழ’ என்னும் அடைமொழி நோக்கத்தக்கது. கோயிலுக்கு விளக்கெரிக்கப் பொருள் வைத்தவர், இன்ன காசென்று வரையறுத்துக் கல்லிற் பொறித்தனர். தாம் வைத்த முதல் பின்னாளிற் குறைந்த மாற்றுள்ள காசாக மாறிவிடலாகாது என்னும் கவலை அக்காலத்திலும் இருந்ததன்றோ?

விஜயநகர வேந்தர் காலமுதல் வராகனும் பணமும் தென்னாட்டின் பொற்காசுகளாய் நிலைபெற்றன. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சேலம் நாடு மைசூர் அரசின்கீழ் வந்தபின், கண்டீரவ நரசராச உடையார் பெயரால் வழங்கிய கண்டீராயப் பணம் இங்கே பரவியது. குன்றிமணியளவேயுள்ள அச்சிறு பொற்காசில் நரசிங்கமூர்த்தியின் உருவம் பொறிக்கப்பட்டிருந்தது. நாமக்கல் மலைக்குகையில் நரசிங்கரை வழிபட்டு வந்த குடிகளுக்கு அவ்வுருவம் புதியதன்று. பின்னர் ஆட்சியைக் கைப்பற்றிய ஐதர் அலி, இஸ்லாமிய மதத்தவராயிருந்தும், சிவனும் பார்வதியும் வீற்றிருக்கும் உருவத்தை மாற்றாமலே தம் வராகனில் வைத்து, மறுபுறத்தில் தம் பெயரின் முதலெழுத்தை மட்டும் பொறித்தார். சென்னையிலிருந்த கிழக்கிந்தியக் கும்பினியாரும் தம் நட்சத்திர வராகனில் திருமாலின் உருவத்தையே அமைத்தனர். ஆள்வோர் மாறினும் காசின் முகத்தை மாற்ற அஞ்சினர். பழகிய முகத்தைக் கண்டாலன்றிக் குடிகள் வாங்கார் என்பதை அவர்கள் நன்குணர்ந்திருந்தனர்.

1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்பு சுல்தான் சேலத்தையும் பாரமகாலையும் கும்பினியாருக்கு விட்டுக்கொடுத்தார். அலெக்ஸாந்தர் ரீட் என்பார் இந்நாட்டின் நிர்வாகத்தை ஏற்றார். தாமஸ் மன்றோ அவருக்கு உதவியாளராயிருந்தார். ஒவ்வொரு குடியானவனிடமும் நேரே வரிபெறும் ரயத்துவாரி முறை இவர்களால் இங்கே உருப்பெற்றது. வரியைப் பணமாகச் செலுத்தவேண்டியிருந்தமையால், சோளமும் கம்பும் விளைத்தவன் அவற்றை விற்றுக் காசாக்கவேண்டியவனானான். கைக்கு வந்த காசோ பலவகை: கண்டீராயப் பணம் ஒருபுறம், வராகனுள் பலவிதம், திப்புவின் யானைமுத்திரைச் செப்புக்காசு, சென்னை ரூபாய், சல்லி, துட்டு என்பன வேறு. ஒன்றை மற்றொன்றாக மாற்றித்தரும் சராப்பு, மாற்றையும் தேய்வையும் காரணங்காட்டி ‘வட்டம்’ என்று ஒரு பங்கைப் பிடித்துக்கொள்வான். எழுத்தும் கணக்கும் அறியாத குடியானவன், வட்டம் இன்னதென்று சொன்னபடி கேட்டுத் திரும்புவதேயன்றி வேறு செய்யக்கூடவில்லை. செட்டும் சிக்கனமுமாக அவன் ஈட்டியதிற் சர்க்காருக்குச் சேராததும் தனக்கு எஞ்சாததுமாகிய ஒரு பகுதி இவ்வாறு கழிந்தது.

இக்குழப்பத்திற்கு ஒருமுடிவு 1818-ஆம் ஆண்டில் தொடங்கியது. அவ்வாண்டில் சென்னை மாகாணத்தில் வராகன் நீங்க, வெள்ளி ரூபாயே அளவு நாணயமாக ஏற்படுத்தப்பட்டது. 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று விகிதம் வகுத்தனர். பழைய கணக்கில் ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்திற்கு 80 காசு. ஆகவே ஒரு ரூபாய்க்கு 12 பணமாயிற்று. ஒரு பணம் ஓரணா நாலு தம்பிடியாய் நின்றது. இத்தகைய பின்னங்களை மனக்கணக்காகவே போட்டு நாட்டுப்புறத்தார் இரண்டு கணக்கையும் நெடுநாள் ஒருங்கே வழங்கினர். 1835-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்தியாவிற் கும்பினியார் ஆண்ட பகுதிகளுக்கெல்லாம் ஒரேவகை ரூபாய் வந்தது: எடை ஒரு தோலா, அதிற் பன்னிரண்டில் பதினொரு பங்கு தூய வெள்ளி, முகப்பில் நான்காம் வில்லியம் மன்னரின் தலை. தெய்வ உருவங்கள் மறைந்து அரசர் உருவம் வந்தது. எனினும், வெள்ளியை ஒருவர் தங்கசாலைக்குக் கொண்டுபோய்ச் சிறிது கூலி கொடுத்தால் அதனை ரூபாயாக அடித்துக்கொள்ளலாமாதலின், வெள்ளியும் ரூபாயும் ஏறக்குறைய ஒன்றென்றே குடிகள் கருதினர். அந்நம்பிக்கைக்கு அப்பொழுது இடமுமிருந்தது.

காகித நோட்டு வந்த வரலாறு வேறு. 1861-ஆம் ஆண்டுக் காகித நாணயச் சட்டத்தால் நோட்டு வெளியிடும் உரிமை அரசாங்கத்திற்கே உரியதாயிற்று. அச்சட்டத்திற்கு அடிகோலிய ஜேம்ஸ் வில்ஸன் துரை அது நிறைவேறுமுன்னரே, 1860-இல், கல்கத்தாவில் இறந்தார். கல்கத்தா, பம்பாய், சென்னை என வட்டாரங்கள் வகுக்கப்பட்டு, ஒரு வட்டாரத்தின் நோட்டு அங்கேயே சட்டபூர்வமாகச் செல்லுமாறு ஏற்பட்டது. மிகச் சிறிய நோட்டே பத்து ரூபாயாதலின், நம் ஊர்ச் சந்தைகளில் அதனைக் கண்டவர் சிலரே. 1903-ஆம் ஆண்டில் ஐந்து ரூபாய் நோட்டிற்கு பர்மா நீங்கலாக இந்தியா முழுதும் செல்லும் தகுதி கொடுக்கப்பட்டது. சில ஆண்டுகளில் ஏனைய நோட்டுக்கள் பலவும் அத்தகுதி பெற்றன.

இதற்கிடையில் வெள்ளியின் கதை துயரமாக முடிந்தது. சேலம் ஜில்லாவை 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் வாட்டியது. 1871-இல் ஏறத்தாழ 19 இலட்சத்து 67 ஆயிரமாயிருந்த ஜில்லாவின் ஜனத்தொகை 1881-இல் ஏறத்தாழ 16 இலட்சமாகக் குறைந்தது. நாட்டுப்புறக் குடும்பத்திற்கு வங்கி இல்லை. மனைவியின் காலில் கிடந்த தண்டையும் கொலுசுமே சேமிப்பு. அப்பஞ்சத்தில் இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் வெள்ளி நகைகள் பம்பாய்த் தங்கசாலைக்கு வந்து ரூபாயாக மாறின. நகை காலைவிட்டு நீங்கியதேனும் ஏறக்குறைய அதன் எடைக்கு ரூபாய் கிடைத்தது.

ஆனால் 1870-களிலிருந்தே உலகச் சந்தையில் வெள்ளி விலை சரியத் தொடங்கியிருந்தது. ஜெர்மனி முதலிய நாடுகள் தங்க நாணயத்தை மேற்கொண்டு தம் வெள்ளியை விற்றன. அமெரிக்கச் சுரங்கங்களும் மிகுதியாக வெள்ளி தந்தன. லண்டனில் 1873-ஐ ஒட்டி அவுன்ஸுக்கு ஏறத்தாழ 60 பென்னி விலைபெற்ற வெள்ளி 1893-இல் 40 பென்னிக்கும் கீழிறங்கியது. இங்கிலாந்திற்குத் தங்கத்திற் செலுத்தவேண்டிய தொகை ரூபாய்க் கணக்கில் ஆண்டுதோறும் ஏறியதால், இந்திய அரசாங்கத்தார் 1893-ஆம் ஆண்டில் தனியார் வெள்ளியை ரூபாயாக அடித்துக்கொடுக்கும் வழக்கத்தை நிறுத்தினர். அன்றேல் வரிகளை உயர்த்தவேண்டியிருந்திருக்குமென்பது அவர்கள் கூறிய நியாயம், அதிலும் உண்மையில்லாமலில்லை. எனினும் அதன் பயனாக ரூபாய் ஒருவழியும் வெள்ளி மற்றொருவழியும் சென்றன. 1898-ஐ ஒட்டி லண்டன் விலைப்படி ஒரு ரூபாயிலுள்ள வெள்ளியின் மதிப்பு ஏறத்தாழப் பத்தணாவே. ரூபாயை ரூபாயாக வைத்திருந்தவனுக்குப் பதினாறணா நின்றது. அதே எடை வெள்ளியைக் கொலுசாகச் செய்து போட்டவளுக்கு ஆறணா மறைந்தது. யாரும் அவள் வீட்டிற் புகுந்து திருடவில்லை. தூரத்திலிருந்த ஒரு சபையில் ஒரு சட்டம் நிறைவேறியது, அவ்வளவே. வெள்ளி வேலைக்குப் பெயர்பெற்ற சேலத்தில் வாழும் நாம் இதனை எளிதாக உணரலாம்.

அடுத்து வந்த யுத்தங்கள் ரூபாயிலிருந்து வெள்ளியையே நீக்கிவிட்டன. முதல் உலக யுத்தத்தில் வெள்ளி விலை உயர, ரூபாயை உருக்கி விற்பதே இலாபமாகும் நிலை நெருங்கியது. 1917-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் முதல் ஒரு ரூபாய் நோட்டும், 1918 ஜனவரியில் இரண்டரை ரூபாய் நோட்டும் வந்தன. அமெரிக்க நாடு பிட்மன் சட்டத்தின்படி ஏறத்தாழ 20 கோடி அவுன்ஸ் வெள்ளியை இந்தியாவிற்கு விற்று உதவியது. 1935 ஏப்ரல் முதல் நாளில் ரிசர்வ் வங்கி தோன்றியது. 1938-இல் அது தன் முதல் நோட்டை வெளியிட்டது. 1940-இல் ரூபாயிலுள்ள வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது. 1943 முதல் நடுவில் ஓட்டையிட்ட காலணா வழங்கியது. 1947-இல் ரூபாய் நிக்கலாயிற்று. இதனிடையே 1946 ஜனவரியில் 500, 1,000, 10,000 ரூபாய் நோட்டுக்கள் செல்லாவென்று அறிவிக்கப்பட்டன. அவை செல்வர் கையிலிருந்தனவாதலின் குடியானவனை அது பெரிதும் தொடவில்லை.

விடுதலைக்குப்பின் 1949-இல் ஒரு ரூபாய் நோட்டில் அரசர் முகம் நீங்கிச் சாரநாத்துச் சிங்கத்தூண் ஏறியது. அப்பொழுது கவர்னர் ஜெனரலாயிருந்தவர், 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராயிருந்த இராஜாஜி. 1957 ஏப்ரல் முதல் நாளில் ரூபாய்க்கு நூறு நயா பைசாவென்னும் தசாம்ச முறை வந்தது. ஓரணா சரியாக ஆறேகால் நயா பைசா. காற்பைசா நாணயமில்லாமையால் அரசாங்க அட்டவணை அதனை ஆறென்று வகுத்தது. ஓரணாப் பண்டத்தை ஏழு பைசாவுக்கு விற்ற கடைக்காரனிடம், முக்காற் பைசா நட்டமென்று வழக்காடக்கூடியவர் எத்துணைப்பேர்? பழைய வட்டம் புதிய உருக்கொண்டு ஒருமுறை தலைகாட்டிற்று. நாலணாவின் வழிவந்த 25 பைசாவும் அதற்குட்பட்ட காசுகளும் 2011 ஜூன் 30-ஆம் நாளோடு சட்டபூர்வ வழக்கொழிந்தன.

2016 நவம்பர் 8-ஆம் நாள் இரவில் 500, 1,000 ரூபாய் நோட்டுக்கள் செல்லாவென அறிவிக்கப்பட்டபோது, வழக்கிலிருந்த நோட்டுக்களின் மதிப்பில் ஏறத்தாழ நூற்றுக்கு 86 பங்கு அவற்றிலேயே இருந்தது. 1946-ஐப்போல் செல்வரோடு அது நிற்கவில்லை. சுருக்குப்பையிலும் அஞ்சறைப்பெட்டியிலும் வீட்டாரறியாது சேர்த்துவைத்த பெண்டிரும், வங்கி வாயிலில் வரிசை நிற்கவேண்டியவராயினர். இன்று செவ்வாய்ப்பேட்டைக் கடையிலும் நாமக்கல் சந்தையிலும் கியூ-ஆர் அட்டையை அலைபேசிக்குக் காட்டிப் பணம் செலுத்துகின்றனர். பொன்னில் தொடங்கி, வெள்ளி, நிக்கல், காகிதம் எனப் படிப்படியாக இறங்கிய நாணயம் இன்று உருவமேயற்ற கணக்காகிவிட்டது. எஞ்சி நிற்பது வாக்கொன்றே.

இதனால் பழையபடி பொன்னுக்கும் வெள்ளிக்கும் திரும்பவேண்டுமென்பது நம் கருத்தன்று. பொற்காசு வழங்கிய காலத்திலும் சராப்பு வட்டம் பிடித்தே வந்தான். எக்காலத்தும் கணக்கறிந்தவன் தப்பினான், அறியாதவன் கொடுத்தான். முன்னாளிற் கற்றார் சிலர். இன்று நம் கல்லூரி மாணவர் பலர் சிற்றூர்களிலிருந்து வருகின்றனர். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, அயல்வீட்டு மூதாட்டியின் வங்கிப் புத்தகத்தைப் படித்துக்காட்டுதல், அலைபேசியில் வரும் பொய்ச்செய்தி எது, மெய்ச்செய்தி எது என விளக்குதல், நகைக்கடனுக்கு உண்மையில் ஆகும் வட்டி எவ்வளவென்று கணக்கிட்டுச் சொல்லுதல் ஆகிய இவை சிறு செயல்களே. எனினும் அரசர் காசிற் பொறித்த முத்திரையால் மட்டும் கிடைக்காத பாதுகாப்பு இவற்றால் ஏழைகளுக்குக் கிடைக்கும். கற்றவருக்குரிய நாணயமும் அதுவேயாகும்.